அம்பாசடருக்கு வந்த ஈரோட்டுக்காரர்

தொண்ணூறுகளில் எங்கள் சூலூரிலும் புதுச் சின்னக் கார்கள் ஓட ஆரம்பித்திருந்தன. நாங்களும் ஒன்றுக்குப் புக் செய்திருந்தோம். ஆனால் என் பழைய அம்பாசடரைக் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் ஏதாவது குறை சொல்லி நானே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

கடைசியாக ஈரோட்டிலிருந்து ஒரு மஞ்சள் வியாபாரி வந்தார். பேட்டரி வீக் என்றேன்.

"பாத்துக்கலாமுங்க" என்றார்.

விலையும் படிந்தது. என் மனைவி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு சாவியை வைத்து என்னிடம் நீட்டினாள். எடுத்துவிட்டேன். அவரிடம் கொடுக்கத்தான் கை வரவில்லை.

அவர் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். "மனசில்லாமக் குடுக்கற வண்டி எனக்கு ஆகாதுங்க. நீங்களே வெச்சுக்கங்க, நான் வாரேனுங்க" என்று பஸ் ஏற நடந்துவிட்டார்.

எனக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது. "ஏறு அம்மணி, காந்திபுரம் போயிட்டு வரலாம்" என்றேன். அவள் தாம்பாளத்தை உள்ளே வைத்துவிட்டு வந்தாள். வண்டி கிளம்பவில்லை. வழக்கம்போல அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளுவதற்குப் பின்னால் போனாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்ணாடியில் பார்த்தேன். தள்ளிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, முட்டியைப் பிடித்தபடி குனிந்து நின்றாள். "இருங்க, தள்ளறேன்" என்றாள். இத்தனை வருடமும் அந்தக் கண்ணாடியில் நான் ரோட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஈரோட்டுக்காரர் பஸ் நிறுத்தத்தில்தான் நின்றிருந்தார். இரண்டு கையாலும் நீட்டினேன்.

"மனசு வந்துருச்சுங்களா?"

"எங்கூட்டுக்காரிக்கு முட்டி வலிங்க" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.