பலகையில் 3 x 12

இன்று காலை எங்கள் காரைக்கால் ஜிம்மில் சண்டை. பலகையில் எழுதியிருந்த ‘3 x 12’தான் காரணம்.

“மூணு செட்டு. ஒவ்வொரு செட்டுலயும் பன்னெண்டு தடவ தூக்கணும்” என்றார் மாஸ்டர்.

துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் நஜீர் பாய் விடவில்லை. “எங்க ஜிம்முல எத்தன தடவ தூக்கணுங்கற ரெப்ஸத்தான் முதல்ல எழுதுவாங்க மாஸ்டர். மூணு மூணா பன்னெண்டு செட்டு.”

அரை மணி நேரம் கத்தியதில் இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. டம்பெல்லை யாரும் தொடவில்லை.

“எப்படிப் பாத்தாலும் முப்பத்தாறுதானேங்க?” என்று வாயைக் கொடுத்தேன்.

உடனே இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். “அப்படியா? ரெண்டு மாதிரியும் செஞ்சு பாத்துட்டுச் சொல்லுங்க!”

செய்தேன்.

இப்போது நான் சொல்லச் சொல்ல என் மனைவிதான் இந்தப் பதிவை டைப் செய்கிறாள். உங்கள் ஜிம்மில் எது முதலில்? பதில் போடுங்கள். பதிலுக்கு லைக் மட்டும் கேட்காதீர்கள், கை எழவில்லை.