முனியாண்டிக்கு நிற்காத ஜீப்

கொழும்பிலிருந்து அந்த அழைப்பு வந்தபோது என் ஜீப்புக்கு ஒரு நோயும் இல்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். டீசல் ஜீப். எங்கள் தேயிலைத் தோட்டத்து மானேஜர், பெரிய தொரை ஓட்டியது. அவர் மாற்றலாகிப் போகும்போது விற்றார். கட்டாரில் லொறி ஓட்டிச் சேர்த்ததையெல்லாம் கொட்டி நான் வாங்கினேன். கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவனுக்கு ஜீப் கேட்கிறதா என்று பேசியவர்கள் உண்டு. பேசிவிட்டுப் போகட்டும். நான் வாங்கியது அம்மாவுக்காக. அவளுக்கு இருதயம் பலவீனம். திடீரென்று நெஞ்சில் நீர் கோத்து மூச்சை அடைத்துவிடும். அப்படி வந்தால் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி நேரத்தைக் கெடுக்காதே, நேரே இரத்தினபுரிக்குக் கொண்டு வா, பிந்தினால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோட்டத்து லொறி வந்து சேர்வதற்குள் மனிதர் செத்துப் போவது எங்கள் டிவிஷனில் புதிதல்ல.

அம்மா கொழுந்து எடுத்த காலத்தில் தொரையின் ஜீப் சத்தம் கேட்டாலே கூடையோடு பாதையோர வடிகானுக்குள் இறங்கி நின்றவள். அதே மாதிரி ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்ததும் அவளுக்கு வந்த மிடுக்கைப் பார்க்க வேண்டும். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, பாதையில் போகிறவர்களிடம், "தள்ளி நில்லுங்கடி, வண்டி வருதுல்ல" என்பாள். அவர்களில் பாதிப் பேர் அவளோடு சேர்ந்து கொழுந்து எடுத்தவர்கள்.

ஜீப் செய்த கம்பனி புகை விஷயத்தில் ஏதோ தப்புச் செய்துவிட்டதாம். அந்த மாடலை எல்லா நாட்டிலும் திரும்பக் கூப்பிட்டு இலவசமாகத் திருத்திக் கொடுக்கிறார்களாம். கூப்பிட்ட பெண் தேன் மாதிரிப் பேசினாள். செய்யாவிட்டால் எமிஷன் டெஸ்டில் சிக்கல் வரலாம் என்றும் சொன்னாள். நான் கொண்டுபோனேன்.

ஏசி அறையில் உட்கார வைத்துக் கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணி தந்தார்கள். டை கட்டிய ஒருவன் இங்கிலீஷில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிங்களத்துக்கு இறங்கினான். கம்ப்யூட்டரைச் செருகி எஞ்சினின் மூளையை மாற்றிவிட்டார்களாம். இனிமேல் கரியெல்லாம் புகைக்குழாயில் இருக்கிற ஒரு பில்டரில் சேருமாம். சேர்ந்ததும் டேஷ்போர்டில் ஒரு லைட் எரியுமாம். அப்போது நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் சூட்டில் கரி தானாக எரிந்து போகும். நடுவில் எஞ்சினை அணைத்தால் பில்டர் அடைத்துக்கொள்ளும் என்றான். "பெரிய ரோட்டில்தானே ஓட்டுவீர்கள்?" என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. டை கட்டியவன் பேசினால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலை தானாக ஆடும். நூற்றைம்பது வருஷமாகத் தொரைமார் முன்னால் ஆட்டிப் பழகிய தலை.

லயத்திலிருந்து வெளியே போக எங்களுக்கு ஒரே பாதைதான். கீழே பாலம் வரை இறங்கி, அங்கிருந்து ரப்பர் மலை ஊடாக உச்சி வளைவு வரை ஏறி, அந்தப் பக்கம் கஹவத்தை ரோட்டில் விழ வேண்டும். முன்பெல்லாம் அந்த ஏற்றத்தை இரண்டாவது கியரில் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறிய ஜீப், கொழும்பிலிருந்து வந்த அன்றைக்கே முக்கியது. முதல் கியர் போட்டாலும் வேண்டா வெறுப்பாக நகர்ந்தது. டீசல் குடித்தது. நிறுத்திய பிறகும் மின்விசிறி உறுமிக்கொண்டே இருந்தது. தீய்ந்த வாடை வந்தது. மோப்பம் பிடித்து முதலில் வந்தவன் என் மாமா மகன். லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையில், அடுத்த காம்பராவில் இருப்பவன்.

"தொர ஓட்டுனப்ப எப்பிடி ஏறும் இந்த ஜீப்பு," என்றான். "ஆளு யாருன்னு அதுக்குத் தெரியும் மச்சான். லயத்துக்காரனுக்கு இழுக்காது."

லயமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அதுதான் எனக்கு வலித்தது.

உச்சி வளைவில் ஒரு மரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். அவரைக் கடக்கும் எந்த வண்டியும் நிற்கும். சிங்களக் கிராமத்து லொறிக்காரன்கூட நிற்பான். இறங்கி, செருப்பைக் கழற்றி, சூடம் ஏற்ற வேண்டும். சூடம் தானாக அணையும் வரை எஞ்சினைத் தொடக் கூடாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கக் கும்பிடுவது எங்கள் ஊரில் யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத காரியம். ஏற்றம் ஏறுகிற சூட்டில்தான் அந்த லைட் எரியத் தொடங்கும். உச்சிக்கு வந்ததும் நான் எஞ்சினை அணைப்பேன். சூடம் எரிந்து முடிந்து மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது லைட் இருக்காது. சாமி புண்ணியத்தில் சரியாகிவிட்டது என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஜீப் இன்னும் இழுக்காமல் போகப் போக, முனிக்குக் குறை வைத்துவிட்டோம் என்று சொல்லிப் போகும்போதும் நிற்கச் சொன்னாள், வரும்போதும் நிற்கச் சொன்னாள். தேங்காய் உடைத்தாள். எலுமிச்சம்பழம் கட்டினாள். ஜீப் ஒருநாள் பெல்மதுளைக்குக் கிட்டப் படுத்தே விட்டது. எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி வேகத்துக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த பஸ்காரன் என் அம்மாவையும் அவளைப் பெற்றவளையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனான்.

மறுபடி கொழும்பு. டை கட்டியவன் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தான். பில்டர் எரியத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் பாதியில் அணைத்திருக்கிறீர்கள் என்றான். வாங்கியவருடைய தவறு, கம்பனி பொறுப்பில்லை.

"அந்த இடத்தில் என்ன இருக்கிறது? சிக்னல் லைட்டா?" என்று கேட்டான்.

"சாமி இருக்கிறார்," என்றேன்.

அவன் திரும்பிப் பக்கத்து மேசைக்காரனிடம் அதை இங்கிலீஷில் சொன்னான். இருவரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லாம் இல்லை, பண்பாகத்தான் சிரித்தார்கள். அந்த டையைப் பிடித்துக் கம்ப்யூட்டரோடு சேர்த்து முடிந்துவிடலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. பழையபடியே மாற்றிக் கொடுங்கள், என் புகையோடு நான் போகிறேன் என்றேன். அது சட்டவிரோதம் என்றான். பில்டரைச் சுத்தம் பண்ணி, இனி இப்படி நடந்தால் புதிது போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினான். புதிது ஒன்றின் விலைக்கு நான் மறுபடி கட்டாருக்குப் போக வேண்டும்.

வந்ததும் அம்மாவிடம் விஷயத்தை உடைத்தேன். இனி லைட் எரிந்தால் முனிகிட்ட நிற்க முடியாது, வண்டியிலிருந்தபடி கும்பிட்டுக்கொள் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

"கொழும்புக்காரன் சொன்னா சாமிய வேணாம்பியா?"

"வண்டி படுத்துருமேம்மா. ஒனக்கு ஒண்ணுன்னா எப்பிடிப் போறது?"

"சாமி இல்லாத வண்டியில போயி நா பொழைக்கத் தேவையில்ல."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஒன் முனி இம்புட்டுக் காலமா இங்கதானே இருக்காரு? மொதல்ல இந்த ரோட்டப் போட்டுத் தரச் சொல்லு," என்றேன். அவள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. மறுநாள் நான் வளைவில் நிற்காமல் போனதை யாரோ பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான். லயத்து ஆட்கள் என் ஜீப்பில் ஏறுவதை விட்டார்கள். அவர்களை நான் ஓசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதையெல்லாம் அன்றோடு மறந்து போயிற்று. தண்ணீர்ப் பீலியில் என் பெண்சாதியின் வாளியை ஒதுக்கி வைத்தார்கள். அம்மா கிளினிக்குக்கு ஆட்டோவில் போகத் தொடங்கினாள். வீட்டு வாசலில் என் ஜீப் நிற்க, அவள் குடையை ஊன்றிக்கொண்டு ஆட்டோவுக்காகக் காத்து நிற்பாள். நான் பார்க்க வேண்டும் என்றே நிற்பாள்.

அவளுக்கு மூச்சு அடைத்தது ஒரு மழைக் காலையில், வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்கு ஆட்கள் போன பிறகு. ஆட்டோக்காரன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருந்தான். மாமா மகனும் நானும் அவளைத் தூக்கினோம். ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு ஏற மறுத்தாள். உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, நெஞ்சு கொதிக்கிற பானை மாதிரிச் சத்தம் போடுகிறது, அப்போதும் பிடிவாதம்.

"முனிகிட்ட... நிப்பாட்டுவியா?"

"நிப்பாட்டுறேன்."

"சத்தியம் பண்ணு."

தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். ஏறினாள்.

பாலம் தாண்டும்போது லைட் எரிந்தது. மழையில் தூரம் போகாமல் கிட்டடிக்கே ஓடி ஓடிக் கரி சேர்ந்திருந்தது. ஏற்றத்தில் ஜீப் முனகிக்கொண்டு ஏறியது. அணைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பெல்மதுளையில் ஊர்ந்த மாதிரி இரத்தினபுரி வரைக்கும் ஊர வேண்டும். அதற்கு அவளிடம் மூச்சு இல்லை.

உச்சி வளைவு வந்தது. நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

"மச்சான், நிப்பாட்டு," என்று மாமா மகன் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தான். "ஒரு சூடம்தானே. சத்தியம் பண்ணியிருக்க."

"கைய எடுறா."

அம்மா ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கையை நீட்டினாள். தட்டிவிட்டேன். ஆமாம், பெற்றவளின் கையைத் தட்டிவிட்டேன். அவள் என் மேல் துப்பப் பார்த்தாள். அதற்கு மூச்சு வரவில்லை. நுரைதான் வாயோரம் வழிந்து சேலையில் விழுந்தது. மரம் பின்னால் போயிற்று. கஹவத்தை ரோட்டில் விழுந்ததும் ஹோர்னில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. பாதி வழியில் லைட் தானாக அணைந்து, பழைய இழுவை அப்படியே திரும்பி வந்தது. தொரை ஓட்டினால்கூட அப்படி ஓடியிருக்காது. பக்கத்தில் அம்மா முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

நேரத்தோடு கொண்டுவந்தீர்கள், கொஞ்சம் பிந்தியிருந்தால் முடிந்திருக்கும் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். நான் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து அழுதேன். மாமா மகன் என் பக்கத்தில் வரவில்லை. பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போய்விட்டான். போய் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும். மறுபடி அந்த நாள் வந்தாலும் நான் நிற்க மாட்டேன்.

மறுநாள் மத்தியானம் கஞ்சிப் போத்தலோடு வார்டுக்குப் போனேன். அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நீலம் போய் முகம் பழையபடி கறுத்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரியோடு சிங்களத்தில் ஏதோ பேசிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் நிறுத்தினாள். கட்டில் ஓரத்தில் உட்காரப் போனேன். மருந்து கொடுத்துக்கொண்டு வந்த நர்ஸ், "கவுத அம்மே மேயா? புத்தாத?" என்று அவளிடம் கேட்டாள். யார் இவர், மகனா என்று.

அம்மா என்னை நன்றாகப் பார்த்தாள். மூச்சு சீராக இருந்தது.

"நே," என்றாள். "ட்ரைவர்."

நர்ஸ் என் கையிலிருந்த போத்தலை வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே சொந்தக்காரர் மட்டும்தான் இருக்கலாம், ட்ரைவர் வெளியே நிற்க வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.