கழிவறைக்குத் தண்ணீர் வந்த கதை

என் மனைவி மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் டீச்சர். தமிழ் வழி வகுப்புகள் எடுக்கிறாள். மகளோ நான்காம் வகுப்பு வரை வேனில் பொள்ளாச்சி போய் ஆங்கிலப் பள்ளியில் படித்தாள். எல்லை தாண்டிப் போய்ப் படிப்பதுதான் படிப்பு என்று எங்கள் பக்கத்துத் தோப்புக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அதனால் ஊர்ப் பள்ளியில் மிச்சமிருப்பது மாந்தோப்பில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் மட்டும்.

போன வருஷம் கோடை லீவு முடியும் சமயத்தில், மகளைப் பற்றிப் பேச்செடுத்த மனைவி, "அம்மிணிய என்ர பள்ளிக்கூடத்துலயே சேத்தீரலாமுங்க" என்றாள்.

நான் குதித்தேன். ஊரில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? தோப்பு காய்க்கவில்லை, அதுதான் பிள்ளையை இங்கே கொண்டுவந்து தள்ளிவிட்டான் என்பார்கள். மற்ற வீடுகளில் மனைவிமார் சண்டை போடுவார்கள். அஞ்சல் வழியில் சமூகவியல் படித்த என் மனைவி பாடம் எடுப்பாள்.

"வசதியிருக்கறவீங்க எல்லாம் புள்ளைகளக் கூட்டிட்டுப் போயிட்டா, அந்தப் பள்ளிக்கூடத்துக்காகச் சத்தம் போட அப்பறம் ஆருங்க இருக்கறாங்க?"

அவளிடம் பேசி ஜெயித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. மகள் அங்கேயே ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தாள்.

படிப்பைப் பற்றி நான் பயந்தது வீண். மாங்காய்க் கூடையை வைத்தே பின்னக் கணக்கைப் புரியவைக்கிற ஆள் என் மனைவி. பிள்ளை தமிழில் கதை எழுதினாள், மலையாளத்தில் வாயாடினாள். ஆனால் ஓணம் லீவு முடிந்த கையோடு அடிவயிற்றில் வலி என்று சுருண்டு படுத்துவிட்டாள். காய்ச்சல் வேறு. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்கறயா?" என்று டாக்டர் கேட்டார்.

"குடிச்சாப் போகோணுமில்ல. அங்க கக்கூசுல தண்ணி வராதுங்க" என்றாள் மகள்.

வகுப்பறைக்கு ப்ரொஜெக்டர் வந்த பள்ளி அது. பிள்ளைகளின் கழிவறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மட்டும் எப்போதோ எரிந்துபோய் அப்படியே கிடந்தது. பெரிய பெண்கள் மாதத்தில் சில நாள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ஒன்றிரண்டு பேர் படிப்பையே நிறுத்திவிட்டார்கள். தாய்மார்கள் பஞ்சாயத்துக்கு நடந்து நடந்து ஓய்ந்துபோனார்கள். அவர்களில் சிலர் என் தோப்பில் காய் தரம் பிரிக்கிறவர்கள்.

மகளை வீட்டில் படுக்கவைத்துவிட்டு, பஞ்சாயத்து ஆபீசுக்கு வண்டியை எடுத்தேன். நான் போட்ட சத்தத்தில் வார்டு மெம்பர் பதறிப்போய் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"முன்னமே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே!" என்றார்.

அந்த வாரமே புது மோட்டார் வந்தது. மகளும் தேறிவிட்டாள். குழாயில் தண்ணீர் வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"பாத்தயா புள்ள, நான் போனதும் வேல நடந்துருச்சு!" என்றேன் மனைவியிடம்.

"பாத்தனுங்க. அந்த அம்மாமாருக எத்தனையோ தடவ போனாங்க. அவீங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பாங்களா?" என்றவள், என்னை நேராகப் பார்த்தாள். "அதுக்குத்தான் அம்மிணிய அங்க சேத்துனேன்."

எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. டீச்சர்களுக்குத் தனிக் கழிவறை, தனித் தொட்டி. கதவுக்குப் பூட்டு.

"சாவி உங்கிட்டத்தான இருந்துச்சு?"

"இருந்துச்சுங்க."

"பெத்த புள்ளைக்குக் குடுக்கோணும்னு தோணலயா உனக்கு?"

"தெனமும் தோணுச்சுங்க. மத்த புள்ளைக பாத்துட்டு நிக்கயில இவளுக்கு மட்டும் எப்புடிங்க குடுக்கறது? தண்ணி குடிக்காமயே இருப்பான்னு நானும் நெனைக்கலீங்க. அவ சேந்த நாள்ல இருந்து நானும் அந்தச் சாவியத் தொடல."

பிள்ளை பட்ட வலியை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். ஆனால் அன்றைக்கு என் மனைவியைப் பார்த்துப் பெருமைப்பட்ட மாதிரி நான் வேறு யாரைப் பார்த்தும் பட்டதில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு வேற என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"உக்காருங்க," என்றாள். "நெறைய இருக்குது."