தாத்தாவை விற்ற வருடம்

எங்கள் வீட்டில் கொண்டாடிய அணி எது என்று இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த வரியோடு நிறுத்திவிடுவார்கள், மீதிப் பேர் என்னைச் சொந்தக்காரியாக்கிக் கொள்வார்கள். இங்கிலாந்தில் எங்கோ மழையிலும் குளிரிலும் ஆடுகிற ஒரு கால்பந்து அணி என்பது போதும். அந்த ஊரை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே தமிழ் முஸ்லிம்கள் நடத்திய மாமாக் கடையில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அந்த அணியை நடத்துவதற்கு நாலு பேர் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். இங்கிலாந்தில் இருந்த மேனேஜருக்கு இந்த விஷயம் தெரியாமலே போனது அவருடைய துரதிர்ஷ்டம்.

நாலு பேரில் தலைமை இடம் பெரியப்பாவுக்கு. அரசாங்க வேலையில் இருந்தவர். அவர் எதைப் பேசினாலும் அரசாங்கமே வாய் திறந்து பேசுவதுபோல இருக்கும். அடுத்தவர் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் சார். பூசை முடிந்து சர்ச்சிலிருந்து நேராக, மடிப்புக் கலையாத சட்டையோடு வருவார். மூன்றாமவர் பாலிக் புலாத் தோட்டங்களிலிருந்து டுரியான் பழம் ஏற்றி வருகிற லாரிக்கார அண்ணன். பருவ காலத்தில் அவர் வந்து உட்காரும் முன்பே வாசனை வந்து உட்கார்ந்துவிடும். நாலாமவர் என் அப்பா. எனக்கு அப்போது ஒன்பது வயது. ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவின் மேல் இருந்த பக்தியால் அப்பாவோடு ஒட்டிக்கொண்டு நானும் போவேன்.

அப்பா துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர். முதுகில் அடிபட்ட பிறகு அந்த வேலைக்குப் போக முடியவில்லை. வேறு வேலையும் சரியாக அமையவில்லை. வீட்டில் சமைப்பதும் துவைப்பதும் என்னைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். அம்மா பயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனாள். இதைப் பற்றி அந்த மேசையில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அந்த நாகரிகம் அவர்களுக்கு இருந்தது. ஆனால் அப்பா பேச ஆரம்பித்தால் பாதியிலேயே பெரியப்பா தேநீரை ஆற்றிக்கொண்டு வேறு பேச்சை எடுப்பார். அப்பாவும் நிறுத்திக்கொள்வார். நிறுத்திப் பழகிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இது மாறியது அம்மாவால்.

அம்மாவைப் பார்த்து இவள் பந்தாட்டம் பார்க்கிறவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சனிக்கிழமை ராத்திரி ஆட்டங்களின்போது தொலைக்காட்சிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருப்பாள், இல்லையென்றால் துணி மடிப்பாள். நாங்கள் எல்லோரும் பந்தைப் பார்ப்போம். அவள் பந்து இல்லாத இடத்தைப் பார்ப்பாள். தொழிற்சாலையில் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்கிற முப்பது பெண்களுக்கு அவள் லைன் லீடர். யாருக்குக் கை சோர்கிறது, யார் முன்னால் வேலை குவிகிறது, அப்படிக் குவிவதற்கு அவளுக்கு முந்தி உட்கார்ந்திருக்கிற எவள் காரணம் என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து அந்தக் கண் பழகியிருந்தது.

அந்த வருடத் தொடக்கத்தில் எங்கள் அணி ஒவ்வோர் ஆட்டத்திலும் கடைசிப் பத்து நிமிடத்தில் கோல் வாங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் வலப்பக்கமாகவே வந்தது. வலப்பக்கத் தடுப்பாட்டக்காரனை மாமாக் கடை மேசை துண்டு துண்டாக நறுக்கிப் போட்டது. அவனை விற்க வேண்டும், இனாமாகக் கொடுத்தாலும் சரி என்று பெரியப்பா உத்தரவு போட்டுவிட்டார். அந்தச் சனிக்கிழமை அம்மா நெத்திலியிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“அவன் மேல தப்பு இல்லலா. அவனுக்கு முன்னால ஒருத்தன் வெளையாடுறான் பாருங்க, அவன் எறங்கியே வர மாட்டேங்கிறான். இவன் ரெண்டு ஆளு வேலைய செய்யிறான். அறுபது நிமிஷத்துல முன்னால உள்ளவன மாத்துனா போதும்.”

அப்பா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அம்மா சொன்னாள். அப்பா நின்றபடியே இருபது நிமிடம், முன்னால் ஓரமாக ஆடுகிற அந்த விங்கரைப் பார்த்தார். மறுநாள் காலை மேசையில் அதை அப்படியே எடுத்துச் சொன்னார், அம்மா பெயர் மட்டும் இல்லாமல். பெரியப்பா தேநீரை ஆற்றினார். இரண்டு வாரம் கழித்து இங்கிலாந்து மேனேஜருக்கும் அதே புத்தி வந்து அறுபதாவது நிமிடத்தில் விங்கரை மாற்றினார். கோல் விழவில்லை. தம்பி அன்றைக்கே சொன்னாரே என்று சார்தான் முதலில் எடுத்துக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் முகச்சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். யாரை எப்போது மாற்றலாம், யாரை விற்கலாம் என்று லாரிக்கார அண்ணன் இப்போது அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பா பதில் சொல்லும்போது பாதியில் யாரும் குறுக்கிடவில்லை. முதுகு வலிக்காரர் என்பதே மறந்துபோகும் அளவுக்கு நிமிர்ந்து உட்காருவார். எனக்கு அவரைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாம் அம்மா சொன்னதாயிற்றே என்று உள்ளுக்குள் உறுத்தவும் செய்தது.

பிறகு தாத்தா பிரச்சினை வந்தது. தாத்தா என்பது நடுக்களத்தில் ஆடிய முப்பத்துமூன்று வயதுக்காரர். அந்த வயதில் எங்கள் மேசை அவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டது. அவரால் ஓட முடியவில்லை. அணி அவரை விற்கப் போவதாகச் செய்தி வந்ததும் மேசையே கொண்டாடியது. மேனேஜர் செய்த ஒரே நல்ல காரியம் என்றார் பெரியப்பா. அம்மா மட்டும் வீட்டில் உச்சுக் கொட்டினாள். அவர் ஓடவில்லைதான், ஆனால் கையை நீட்டி நீட்டி மற்றவர்களை எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், அவர் போனால் பத்துப் பேரும் பத்துத் திசையில் நிற்பார்கள் என்றாள். தன்னுடைய லைனில் இருந்த ஒரு வயதான அக்காவை வேறு பகுதிக்கு மாற்றிய வாரம் வரிசை முழுக்க வேலை குழம்பிப்போனதையும் சொன்னாள்.

அப்பா அதை மேசையில் வைத்தபோது அரை மணி நேரம் கேலி செய்தார்கள். அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. பெரியப்பாவுக்கு எதிராக அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை. தீபாவளிக்குள் தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

தீபாவளி வரையில்கூடப் போகவில்லை. தாத்தா போன பிறகு அணி தோற்றது, மறுபடி தோற்றது, கடைசி இடத்தில் இருந்த அணியிடமும் தோற்றது. தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா தன் தம்பிக்குத் தானே ஒரு தேநீர் வாங்கி வந்து முன்னால் வைத்தார். எப்படிடா உனக்கு மட்டும் தெரிந்தது என்று கேட்டார். அந்தக் குரலில் கேலி இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“அப்பா கண்டுபிடிக்கல பெரியப்பா. எல்லாம் அம்மா சொன்னது. விங்கர மாத்தச் சொன்னதும் அம்மாதான்.”

 மேசையில் சிரிப்பு கிளம்பியது. சிரித்ததில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. லாரிக்கார அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம், இனிமேல் உன் வீட்டுக்காரியை இங்கே அனுப்பிவிட்டு நீ வீட்டில் சமையலைப் பார் என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சட்டென்று தன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அப்பாவும் சிரித்தார். பெரியப்பா வாங்கி வைத்த தேநீரைக் குடிக்காமலே அப்பா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் ஓடிப் போய் நடந்ததைச் சொன்னேன். மெச்சுவாள் என்று எதிர்பார்த்தேன்.  ஏம்மா அங்கே போய்ச் சொன்னாய் என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்பா அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் கீழே போகவில்லை. முதுகு வலிக்கிறது என்றார். சனிக்கிழமை ஆட்டத்தையும் பார்க்கவில்லை. முகச்சவரம் நின்றது. சமைத்தார், துவைத்தார், என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். என்னிடம் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அவர் கோபித்துக்கொள்ளாததே எனக்குப் பயமாக இருந்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் மூன்று பேர் உட்கார்ந்திருப்பதும் ஒரு நாற்காலி காலியாக இருப்பதும் தெரியும். அந்த நாற்காலியைக் காலி செய்தவள் நான்தான் என்று அந்த வயதிலேயே எனக்குப் புரிந்திருந்தது.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை அம்மா குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, எனக்கு இன்றைக்கு ரொட்டி சானாய் வேண்டும், எல்லோரும் கிளம்புங்கள் என்றாள். அப்பா முதுகைச் சொன்னார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேசையில் எங்களைப் பார்த்ததும் பெரியப்பா நாற்காலி இழுத்துப் போட்டார். மேனேஜரே வந்துவிட்டார் என்று சார் வரவேற்றார். அம்மா பெரியப்பாவை மாமா என்று கூப்பிடுவாள். அவர் எதிரில் அதிகம் பேசமாட்டாள். அன்றைக்கு அவரே பேச்சைத் தொடங்கினார். நேற்றைய ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் செய்த மாற்றம் சரியா என்று அம்மாவைக் கேட்டார். எல்லோரும் அம்மாவின் வாயைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நேற்று அந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது அதே மாற்றத்தை அவள் கால் மணி நேரம் முன்பே சொல்லியிருந்தாள்.

“எனக்கு ஒண்ணு புரியல மாமா,” என்றாள் அம்மா. “மொத பாதியில அந்தப் பக்கம் ஓடுனாங்க. அப்புறம் ஏன் திரும்பி நம்ம கோலுக்கே ஓடுறாங்க?”

மேசை அதிர்ந்தது. சாருக்குப் புரையேறிவிட்டது. பாதி முடிந்ததும் பக்கம் மாற்றுவார்கள் என்று லாரிக்கார அண்ணன் விரலால் தேநீர் ஈரத்தில் கோடு போட்டு விளக்கினார். அம்மா அப்படியா அப்படியா என்று கேட்டுக்கொண்டாள். நம்ப விரும்புகிறவர்களுக்கு ரொம்பப் பெரிய சான்று தேவைப்படுவதில்லை. பெரியப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தம்பியின் முதுகில் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான் சொன்னார்.

“பாப்பா, பொய் சொல்லக் கூடாதும்மா. அப்பா பேரு கெட்டுப்போச்சில்ல?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் அவளுடைய கை என் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தப் பிடி எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. என் காது இரண்டும் சுட்டன. நான் பொய்க்காரி என்று நாலு பேருக்கு நடுவில் தீர்ப்பாகிவிட்டது, உண்மை தெரிந்தவளே வாய் திறக்கவில்லை. 

அப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். லாரிக்கார அண்ணன் அவரிடம், அடுத்த வாரம் யாரை இறக்கலாம் என்று ஏற்கெனவே கேட்டாயிற்று. பழைய நாற்காலி, பழைய மரியாதை எல்லாம் அவர் முன்னால் திரும்பி வந்திருந்தது. வாயைத் திறந்து ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால் போதும். அவர் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணே, புள்ள பொய் சொல்லல. இவதான் இப்ப பொய் சொல்றா, எனக்காக. தாத்தாவ விக்கக் கூடாதுன்னு சொன்னது, விங்கர மாத்தச் சொன்னது எல்லாம் இவதான். எனக்கு அவ்ளோ தெரியாது. நான் இங்க வந்து என் பேச்சு மாதிரி பேசிக்கிட்டேன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியப்பா தேநீரை ஆற்றவில்லை. சார் அம்மா பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோல, ஆனால் பதில் தெரியாதவர் கேட்பதுபோல, அப்படியென்றால் வருகிற வாரம் இடப்பக்கம் யாரை இறக்கலாம்மா என்று கேட்டார். அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு நேரமாகிறது சார் என்று எழுந்து நடந்துவிட்டாள்.

நானும் அப்பாவும் பின்னால் போனோம். அம்மா வேகமாகப் போனாள், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனாள். அம்மா கோபமா என்று அப்பாவிடம் கேட்டேன். தெரியலைம்மா என்றார். அவரும் பயந்துதான் போயிருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே அவள் அழுகிற சத்தமும் கேட்டது.

அம்மா அவ்வளவு பாடுபட்டுப் போட்ட திட்டத்தை அப்பா கெடுத்துவிட்டார் என்றும், எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நான் என்றும் முடிவு செய்துகொண்டேன். அந்தத் தொழிற்சாலையில் அம்மா எத்தனையோ யோசனைகள் சொன்னாள் என்பதும், அவற்றில் ஒவ்வொன்றும் மேலதிகாரி யாராவது ஒருவருடைய யோசனையாகவே அறிவிப்புப் பலகையில் ஏறியது என்பதும் அவள் வேலையை விட்ட பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. இருபத்தாறு வருடத்தில், அது இவள் சொன்னது என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னது உங்கப்பா ஒருத்தர்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு இது எதுவும் எனக்குத் தெரியாது. குளியலறைக் கதவுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் வெளியே வந்ததும் அப்பாவுக்கும் சேர்த்து எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.