மேடம் சொன்ன ‘சரிங்கம்மா’

“அப்பறம் என்ன அம்மிணி, அந்த மேடம் மூஞ்சி அப்புடியே சுண்டிப்போச்சு! நீ பாத்திருக்கணும்!”

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. “மொதல்ல இருந்து சொல்லுங்க ஆயா,” என்று அவளும் உட்கார்ந்துவிடுவாள்.

செல்போனிலேயே நடந்த ஜாம் வகுப்பு அது. பேரிக்காய் ஜாம், கொய்யா ஜாம். மலையிலும் அடிவாரத்திலுமாக நாற்பது பெண்கள். முதல் வாரம், டாக்டர் அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் மாதிரி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மைக் படத்தை அழுத்திப் பேசுவதற்கு மட்டும் மருமகள் பழக்கியிருந்தாள். ஒருநாள் வகுப்புக் குழுவில் பேசி அனுப்பினேன்: “ஏனுங்க, எனக்கு ஜாம் தண்ணியாட்ட ஓடுது. உங்களுக்கு எப்புடி?” சற்று நேரத்தில் குப்பனூர்க்காரியின் குரல் வந்தது: “எனக்குக் கல்லாட்ட ஆயிப்போச்சுங்க, கரண்டியே ஒடிஞ்சுபோச்சு!” அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அவள் மாடு கன்று போட்டது, கரடியூர்க்காரியின் மாமியார் கோபித்துக்கொண்டு போனது, எலுமிச்சைச் சாறு எப்போது விடுவது, எல்லாம் குரலிலேயே ஓடின. ஜாமும் பதத்துக்கு வந்தது.

சேலத்திலிருந்து பாடம் நடத்திய மேடத்துக்கு அது பொறுக்கவில்லை. “இது வகுப்பு, ஊர்க்கதை பேசற எடமில்ல. சந்தேகம்னா டைப் பண்ணுங்க. எழுதத் தெரியாதவங்க எதுக்குச் சேர்ந்தீங்க?” என்று நாற்பது பேர் முன்னால் கேட்டாள். அன்று சாயங்காலமே என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜாம் போனால் போகட்டும். காலையில் செல்லை எடுத்தால் ஒரு குரல்கூட இல்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அழுகை நின்று கோபமும், கூடவே ஒரு திட்டமும் வந்தது. செல்லில் ஆளை அழைப்பதற்கு, பெயருக்குப் பதிலாகப் படங்கள்தான் எனக்கு அடையாளம். மாட்டுப் படம் குப்பனூர்க்காரி, ரோஜாப்பூ கரடியூர்க்காரி. இன்னொரு ரோஜாப்பூ என் நாத்தனார் என்பது மறந்து, திட்டம் முழுவதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். வகுப்பிலேயே இல்லாத அவளும் பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். கரடியூர்க்காரிக்கும் மற்றவர்களுக்கும் குப்பனூர்க்காரி சொன்னாள்: வகுப்பைப் பார்க்கப் பெரிய அதிகாரி வரும் நாளில் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது.

அன்று பஸ் ஏறிக் கரடியூர் போய், செல்லில் என் முகம் தெரியாதபடி கரடியூர்க்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் மேடத்தோடு அந்த அதிகாரியும் இருந்தார். “எங்க வகுப்பு ஒரு குடும்பம் மாதிரி சார். யாராவது பேசுங்க,” என்றாள் மேடம். யாரும் பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அத்தனை முகங்கள், ஒரு சத்தமில்லை. ஒரு வீட்டில் கோழி மட்டும் கொக்கரித்தது. “ஏம்மா, என்னாச்சு?” என்றார் அதிகாரி.

கரடியூர்க்காரி அப்போதுதான் வாய் திறந்தாள். “பேசறவங்கள மேடம் வெளிய தள்ளிட்டாங்க சார். இந்தா உக்காந்திருக்காங்க, அவங்களையே கேளுங்க,” என்று செல்லை என் பக்கம் திருப்பினாள்.

“பேசுங்கம்மா,” என்றாள் மேடம். கையிலிருந்த காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். “அம்மா, பேசுங்க.” டம்ளரைக் கீழே வைத்து வாயைத் துடைத்துக்கொண்டேன்.

“இதுல பாதிப் பேருக்கு எழுதத் தெரியாதுங்க மேடம். நாங்க வாயாலதான் கேப்போம். என்னையும் குழுவுல திருப்பிச் சேத்துக்கோணும். சரிங்களா?”

“சரிங்கம்மா.”

“காதுல உழுகலைங்க.”

“சரிங்கம்மா!”

நன்றாகத்தான் கேட்டிருந்தது. ஆனாலும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

“அந்த மேடத்தப் பாத்தா பாவமா இல்லீங்களா ஆயா?” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

“ஒரு சொட்டுகூட இல்ல சாமி. ஐயோ, கொழாயில தண்ணி வந்திருச்சு பாரு! குடத்த எடு, ஓடு!”