சூரியன் மேல் விழுந்த பழி

சூரியனில் பெரிய வெடிப்பு ஒன்று கிளம்பி, எங்கள் கண்காணிப்பு நிலைய ரிசீவரில் இரைச்சல் எழுந்தது. எச்சரிக்கைச் செய்தியைத் தட்டச்சு செய்துகொண்டே, நினைவில் எங்கள் மலையூரான வளப்பூர் நாட்டுக்குப் போய்விட்டேன்.

அப்போது நான் சிறுமி. மிளகு பறிக்கப் போன அம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது. அடுத்த பஸ் மாலையில்தான். வனக்காவலரின் வயர்லெஸ்ஸில் சொன்னால் அடிவாரத்திலிருந்து ஜீப் வரும். ஆனால் அதில் இரைச்சல் மட்டுமே வந்தது.

"இன்னொருக்கா கூப்பிடுங்க சாமி," என்று அப்பா கெஞ்சினார்.

"வெயிலு உச்சியில நிக்குதுங்க. அதான் பேச்சு கீழ போவ மாட்டேங்குது," என்றார் காவலர்.

அங்கே தூக்கி வந்த கட்டிலில் கிடந்த அம்மா சிரிக்கப் பார்த்தாள். "கடிச்ச பாம்புகூட இப்படிச் சீறலைங்க."

பொழுது சாயும் முன் அம்மா போய்விட்டாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அம்மாவைக் கொன்ற சூரியனை அறியத்தான் இயற்பியல் படித்து இந்த வேலைக்கு வந்தேன். வந்ததும் அந்த நாளின் பதிவைத் தேடினேன். அன்று சூரியன் அமைதியாகவே இருந்திருக்கிறது. எதிர்முனையில் யாரும் பேசாவிட்டாலும் வயர்லெஸ்ஸில் இரைச்சல்தான் கேட்கும். கீழே அழைப்பை எடுக்கத்தான் ஆள் இல்லை போலும்.

அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அவர் வெயிலைத் திட்டிக்கொண்டே, அந்தக் காவலரோடு பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்வருகிறார்.