எண்பது மார்க் இங்கிலீஷ்

ஏற்கெனவே இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பெங்களூர் கால்சென்டர் ஒன்றில் பதினோரு வருடமாக வாய்ஸ் ட்ரெய்னர். உங்கள் ஆபீசிலும் திடீரென்று ஒரு திங்கட்கிழமை, ‘இனிமேல் எல்லாம் இதுதான்’ என்று ஒரு புது மெஷினை இறக்கியிருப்பார்கள். அதில் மாட்டி நொந்துபோன அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

நீலமும் சிவப்பும்

மெஷின் என்றால் ஒரு மைக்கும் ஒரு திரையும்தான். வெள்ளைக்காரர் ஒருவர் பதிவில் ஒரு வாக்கியம் சொல்வார். அவர் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எதை இழுக்கிறது என்று நீலக் கோடு ஓடும். அதையே நாம் சொன்னால் சிவப்புக் கோடு. சிவப்பு நீலத்தின்மேல் போய் உட்கார வேண்டும். எண்பது மார்க் வந்தால் கஸ்டமரோடு பேசலாம். மூன்று வாரத்தில் வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

இங்கிலீஷில் ஓர் இடத்தை அழுத்தி மற்றதை விழுங்க வேண்டும். நாமோ எல்லா எழுத்துக்கும் ஒரே மரியாதை கொடுத்துப் பழகியவர்கள். ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்த ஜெயந்தி முதல் நாள் மைக்கில் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் அவ்வளவு தெளிவு. கோடு மட்டும் தோசைக்கல் போலத் தட்டை. ஐம்பத்தெட்டு மார்க். திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “சார், இது ஈசிஜி மாதிரியே இருக்கே. இதுல பேஷண்ட் யாரு, நானா நீங்களா?”

நுனிக்கால்

இரண்டாவது வாரம் வாக்கியத்தை யாரும் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தார்கள். பொம்மனஹள்ளி குமார் கோடு ஏறும் இடத்தில் நுனிக்காலில் நின்றான், இறங்கும் இடத்தில் முழங்காலை மடக்கினான். அவனுக்கு நாலு மார்க் கூடியதைப் பார்த்து இருபது பேரும் அப்படியே ஏறி இறங்கினார்கள். டீ கொண்டுவரும் அக்கா கண்ணாடிக் கதவருகே அப்படியே நின்றுவிட்டார். “இத்தன பேரு மேலயும் ஒண்ணா எறங்கியிருக்கே, எந்த சாமி சார் இது?”

ம்ம்ம்

குமார் கெட்டிக்காரன். மெஷினுக்குக் குரலின் ஏற்ற இறக்கம்தான் தெரியும், வார்த்தை தெரியாது என்று ஒருநாள் கண்டுபிடித்துவிட்டான். வாயை இறுக மூடிக்கொண்டு, நீலக் கோட்டின் மெட்டில் ‘ம்ம்ம்’ என்று முனகினான். தொண்ணூற்றுமூன்று! மறுநாள் வகுப்பே தேனடையாக ரீங்கரித்தது. பதறிப்போய் மேனேஜரிடம் ஓடினேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “ஸ்கோர் வந்துச்சா இல்லயா? அப்புறம் என்ன, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.”

ஜெயந்தி மட்டும் முனகவில்லை. அவள் அம்மா மாநகராட்சியில் தெருக்கூட்டுகிறவர். முழங்கால் தேய்ந்துவிட்டது. மகள் வேலை நிரந்தரமானால் துடைப்பத்தைக் கீழே வைத்துவிடலாம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். அவளுக்கு அதுவரை அறுபத்துநாலுக்கு மேல் வரவில்லை. வெட்கத்தை விட்டு நானே அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ‘நீயும் முனகிவிடேன்’ என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “கஸ்டமர் பார்சல் எங்கன்னு கேட்டா ‘ம்ம்ம்’னா சார் சொல்றது? எனக்குப் பேச வரும். பேசியே வாங்கறேன்.”

கோளாறு

அந்த வாரம் நீலக் கோட்டின் நாட்டிலிருந்தே ஒரு பெரிய மனிதர் வந்தார். எங்களுக்கு வேலை கொடுக்கும் கம்பெனிக்காரர். மாலை, பொட்டு, சால்வை எல்லாம் ஆனதும் ஆசையாக மைக்கில் பேசிப் பார்த்தார். எழுபத்தொன்று. அவர் சிரித்தார். மேனேஜர் வேர்த்துப்போய் என் பக்கம் திரும்பினார்: “மைக்குல ஏதோ கோளாறு, மொதல்ல அத மாத்துங்க.”

வெள்ளிக்கிழமை

கடைசி நாள் ஜெயந்தியையும் என்னையும் மேனேஜர் கேபினுக்குக் கூப்பிட்டார். அவள் மார்க் அறுபத்தாறு. சொல்ல என்னிடம் எல்லாம் இருந்தது. எழுபத்தொன்று வாங்கிய பெரிய மனிதர் இருந்தார், வாயே திறக்காமல் தொண்ணூற்றுமூன்று வாங்கிய குமார் இருந்தான். அந்த வகுப்பிலேயே கஸ்டமருக்குப் புரிகிற மாதிரிப் பேசுகிறவள் இவள்தான் என்று ஒரு வரி சொன்னால் போதும். ஆனால் மெஷின் வந்தபிறகு நாலு ட்ரெய்னர்களில் இரண்டு பேரை அனுப்பிவிட்டிருந்தார்கள். மூன்றாவதாகப் போக எனக்குப் பயமாக இருந்தது. ஆமாம், பயம்தான், வேறு பேர் எதுவும் வைக்க விரும்பவில்லை.

“எண்பது இல்லன்னா அனுப்பறதுதான ரூல்? நீங்க என்ன சொல்றீங்க?” என்றார் மேனேஜர்.

நான், “ம்ம்…” என்றேன்.

ஜெயந்தி கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கதவருகே போனவள் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னாள்: “நல்லா வந்துச்சு சார். இதுக்கே தொண்ணூத்திமூணு குடுக்கலாம்.”

வாயைத் திறந்து பேசச் சொல்லிக்கொடுப்பதற்காக எனக்கு இன்னும் மாதாமாதம் சம்பளம் வந்துகொண்டிருக்கிறது.